இரண்டு ஏஸைக் கீழே வைத்தவள்

என் மனைவிக்குச் சீட்டு விளையாட வராது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இப்போது சொல்வதில்லை. தங்கச் சுரங்கத்துக்குப் பேர்போன எங்கள் ஊரில், சாம்பியன் ரீப்ஸ் பகுதி நண்பர்கள் வீட்டு ரம்மியில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற நினைப்பு எனக்கு. ராபர்ட்சன்பேட்டையில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில்கூட, வேலை இல்லாத நேரத்தில் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டே இருப்பேன்.

அவளுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. விடியுமுன் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால், வீடு திரும்ப இருட்டிவிடும். பிரசவ விடுப்பு முடிந்து ஒரு திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போயாக வேண்டும். குழந்தையோ புட்டியைத் தொடவில்லை. ஸ்பூனில் கொடுத்துப் பார்த்தேன், பாலாடையில் கொடுத்துப் பார்த்தேன். என் சட்டை மேலேயே துப்பினாள். தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்று ஆறு மாதக் குழந்தை அடம் பிடித்தால், அதனிடம் யார் பேசிச் சமாதானம் செய்வது?

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்காரர்கள் ஊழியர்களுக்கு ஆன்லைனில் ஒரு போக்கர் போட்டி வைத்தார்கள். காசு கிடையாது, பந்தயம் கட்ட சிப்ஸ் என்று வெறும் புள்ளிகள்தான்; அது தீர்ந்தால் ஆட்டத்திலிருந்து வெளியே. கடைசிச் சுற்றில் ஒன்பது பேர். அதில் மிஞ்சும் நாலு பேருக்கு மூன்று மாதம் வீட்டிலிருந்தே வேலை. முதலில் வந்தாலும் நாலாவதாக வந்தாலும் அதே மூன்று மாதம். விடுப்பில் இருந்தவள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு செல்போனில் ஆடிப் பழகி, அந்த ஒன்பது பேரில் ஒருத்தியாகிவிட்டாள். எனக்கு நம்பவே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு லேப்டாப்பைத் திறந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், வாய் சும்மா இருக்கவில்லை. அவளோ வந்த சீட்டையெல்லாம் ஆடாமல் கீழே வைத்து, ஃபோல்டு செய்துகொண்டே இருந்தாள். எப்போதாவது ஒரு கை ஆடுவாள், கொஞ்சம் சிப்ஸ் எடுப்பாள், மறுபடி ஒதுங்கிவிடுவாள். இது என்ன ஆட்டம், பேசாமல் தூங்கப் போகலாமே என்று கிண்டல் செய்தேன். அதற்குள் நாலு பேர் வெளியேறி, ஐந்து பேர் மிஞ்சியிருந்தார்கள். இன்னும் ஒரே ஒருத்தர் போனால் போதும். ஒருவரிடம் இரண்டு ஆட்டம் தாங்குகிற அளவுக்குத்தான் சிப்ஸ் இருந்தது.

அப்போது அவளுக்கு இரண்டு ஏஸ் வந்தது. போக்கரில் முதலில் கைக்கு வரும் இரண்டு சீட்டில் அதற்கு மேல் கிடையாது. எல்லோரையும்விட அதிக சிப்ஸ் வைத்திருந்த ஆள் அதே ஆட்டத்தில் மொத்தத்தையும் பந்தயம் கட்டி ஆல் இன் போட்டான். இவளும் போட்டு ஜெயித்தால் அவள் சிப்ஸ் இரட்டிப்பாகும். தோற்றால் அதோடு வெளியே. ஆறு தடவை ஆடினால் ஐந்து தடவை இவள்தான் ஜெயிப்பாள், போடு போடு என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். திரையில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. என் கை மவுஸுக்குப் போனது. அவள் அதைத் தட்டிவிட்டாள்.

"சும்மா குந்துங்க. ஜெயிச்சா இன்னா தரப் போறாங்க? அதே மூணு மாசந்தானே? ஆறு மாசமா தருவாங்க?"

ஃபோல்டு. இரண்டு ஏஸும் திரையிலிருந்து மறைந்தன. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பயந்தாங்கொள்ளி என்று திட்டினேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். அவள் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

"ஷிப்ட் முடிஞ்சி கேஜ்ல மொத ஆளா ஏறுனவரும் மேலதான் வந்தாரு. கடைசியா ஏறுனவரும் அதே மேலதான் வந்தாரு. நானும் ஏறணும், அவ்ளோதான்."

பூமிக்குள்ளிருந்து ஆட்களை மேலே இழுத்துவரும் அந்தக் கூண்டைப் பற்றி எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சீட்டாட்டத்தில் அதைப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆனால் அவள் நினைத்தபடி நடக்கவில்லை. போய்விடுவார் என்று நினைத்த அந்தக் கடைசி ஆள் அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தார். அதற்கடுத்தும் ஜெயித்தார். ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயமாகப் போட வேண்டிய சிப்ஸ் இவள் கையிலிருந்து கரைந்ததில், எல்லோருக்கும் கீழே வந்துவிட்டாள். இப்போது அவள் நெற்றியில் வியர்வை. அந்த ஐந்து நிமிடம் நான் கும்பிடாத சாமி இல்லை.

அதிக சிப்ஸ் வைத்திருந்த அந்த ஆள் மறுபடி ஆல் இன் போட்டான். இந்த முறை சிப்ஸில் இரண்டாவதாக இருந்தவர், இரண்டு ராஜாக்களை வைத்துக்கொண்டு எதிர்த்தார். சும்மா இருந்திருந்தாலே பரிசு வாங்கியிருப்பார். எதிரியிடம் ஒரு ஏஸும் ஒரு ஏழும்தான். எல்லோருக்கும் பொதுவாக மேஜையில் திறக்கும் சீட்டுகளில் கடைசியாக இன்னொரு ஏஸ் விழுந்து, அவனுக்கு ஏஸ் ஜோடி சேர்ந்துவிட்டது. ராஜாக்காரர் வெளியே. என் மனைவி நாலாவது இடத்தில், பட்டியலின் அடியில் இருந்தாள். அந்த ராஜாக்காரர் நானேதான் என்று எனக்கு உறைத்தது. மவுஸ் என் கையில் இருந்திருந்தால் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இவளை நான் பார்க்கவே இல்லையா என்று மலைத்துப்போனேன். பயந்தாங்கொள்ளி என்றதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரிக்கக்கூட இல்லை.

திங்கட்கிழமை காலை வெயில் ஏறிய பிறகு நான் கடைக்குக் கிளம்பினேன். அவள் லேப்டாப்பில் மீட்டிங்கைக் கேட்டபடி, கேமராவை அணைத்துவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மைக் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு ஏஸுங்க. போடணும்னு கையெல்லாம் நடுங்கிச்சி எனக்கு."