ஜன்னலில் ஒரு கை

பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் பாத்திக்கு வரம்பாகப் போட்டிருக்கும் பழைய ரயில்பாதைச் சிலிப்பர் கட்டைகள் இன்றைய வெயிலில் தார் மணத்தன. எழுந்து போய் ஜன்னலை மூடினேன். சுவிஸில் லுசேர்ணுக்கு அப்பால் நாங்கள் இருந்த கிராமத்துச் சரக்கு ரயிலின் மணம் அது. பலகை அரியும் மரக்காலைக்கும் மா அரைக்கும் ஆலைக்குமாக ஊரவர்களே சேர்ந்து நடத்திய அந்தச் சின்னப் பாதையில், ஈரப் பலகையும் தவிடும் மணக்க, சைக்கிளை முந்தாத வேகத்தில் ஒரு சிவப்பு எஞ்சின் தினமும் வரும். எங்கள் வீட்டடியில் ஓட்டுநர் ஹோர்ன் அடிப்பார், அம்மா உலையில் அரிசி போடுவா, ஹோட்டல் குசினிக்குப் பின்னேர வேலைக்கு வெளிக்கிடுகிற அப்பா ஜன்னலில் நின்று கையை உயர்த்திக் காட்டுவார்.

சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்து வாக்குரிமை வந்தபின் அப்பா போன முதல் ஊர்க்கூட்டத்தில், பாலம் பழுதாகிவிட்டது, ரயிலை நிறுத்திவிடலாமா என்று கேட்டார்கள். நிறுத்தலாம் என்று சுற்றிலும் கைகள் உயர்ந்தன; அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அப்பாவும் உயர்த்தினார். அத்தனை கைகளுக்குள் அவருடையதும் இருந்ததில், பின்வரிசை வாங்கில் இருந்த எனக்குப் பெருமையாக இருந்தது. முன்வரிசையிலிருந்த ஓட்டுநர் திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

"ரயில் வேணுமெண்டுதானே சொல்லிக்கொண்டு போனீங்கள்?" என்று வீட்டில் அம்மா கேட்டா.

"எல்லாரும் தூக்கேக்க நான் மட்டும் என்னெண்டு சும்மா இருக்கிறது?" என்றார் அப்பா.

அடுத்த நாளும் எங்கள் வீட்டடியில் ஹோர்ன் கேட்டது. அம்மா அரிசியைக் களைந்தபடி அப்பாவைப் பார்த்தா. அப்பா ஜன்னலுக்குப் போகவில்லை, நானும் போகவில்லை. கொஞ்சம் பொறுத்து, ஓட்டுநர் இன்னொருமுறை அடித்தார்.