நாலு விரல் தோண்டு, அரை மணி ஓய்வு

நிலாவில் வண்டி ஓட்டுவது அவள் உத்தியோகம். பூமியில் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. வேலைக்கு எடுத்தவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கணவன்தான் தினமும் ஸ்கூட்டரில் கட்டுப்பாட்டு அறை வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். "பார்த்து ஓட்டு, குறுக்கே யாராவது வந்துடப் போறாங்க" என்பான். ஏழு மாதமாக அதே ஜோக்.

வண்டியை மெல்ல மெல்ல நகர்த்துவதால், அலுவலகத்தில் அவளுக்கு ஆமை என்று பெயர்.

வண்டி போனது நிலாவின் துருவத்தில் மண்ணுக்கடியில் பனிக்கட்டி தேட. போட்ட இரண்டு துளைகளிலும் வெறும் புழுதி. பேட்டரி இன்னும் ஒரு துளைக்குத்தான் தாங்கும். அதுவும் பொய்த்தால் தண்ணீர் இல்லை என்று எழுதி, வண்டியை அணைத்துவிடுவார்கள்.

பழைய பதிவுகளைப் புரட்டியபோது துளைப்பானின் சூடு அவள் கண்ணில் பட்டது. ஒவ்வொரு துளையும் இருபதே நிமிடம், எல்லோரும் கைதட்டியிருந்தார்கள். அந்த வேகத்தில் முனை கொதித்திருக்கிறது. காற்றில்லாத இடத்தில் பனி உருகக்கூட நிற்காது, ஆவியாகி ஓடிவிடும். தேடப் போனவர்களே விரட்டியடித்திருக்கிறார்கள்.

"அண்ணே, இந்தத் தடவை நாலு விரல் தோண்டிட்டு அரை மணி விடுங்க. முனை ஆறட்டும்."

"ஒரு முழம் தோண்டணும்மா. அதுக்குள்ள நான் பேரன் எடுத்துடுவேன்" என்றார் துளைப்பானை இயக்கும் துளைக்காரர்.

"எடுங்க. அவனுக்குக் காட்ட ஏதாவது வேணும்ல."

திட்டத் தலைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "சும்மா நின்னாலும் பேட்டரி குறையும். பாதியில படுத்துட்டா?"

"முழுசா தோண்டி ஒண்ணுமில்லாம வர்றதுக்கு, பாதியில ஏதாவது கிடைச்சா தேவலை மேடம்."

தலைவி பேட்டரிக் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.

முதல் நாலு விரலில் புழுதி. இரண்டாவதிலும், மூன்றாவதிலும் அதே. துளைக்காரர் கொட்டாவியை மறைக்கவில்லை. நாலாவதில், மண்ணை மோந்து பார்க்கும் கருவியின் கோடு லேசாக நிமிர்ந்து படுத்தது. "வண்டி இங்கிருந்து கொண்டுபோன ஈரமா இருக்கும்" என்று முதலில் சந்தேகப்பட்டவள் அவளேதான்.

ஐந்தாவதில் கோடு ஏறியது. ஏறியது இறங்கவில்லை. வண்டியோடு போன ஈரம் அவ்வளவு நேரம் நிற்காது.

"எவ்வளவு இருக்கும்?" தலைவியின் குரல் இறங்கியிருந்தது.

"ஒரு ஸ்பூன். அதுக்குக் கீழ நிறைய இருக்கணும். நம்ம துளைப்பானுக்கு எட்டாது" என்றாள் அவள்.

"அடுத்த வண்டிக்கு எவ்வளவு நீளம் வேணும்னு எழுதிக் குடு."

துளைக்காரர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "ரெண்டு ஆள் உயரம்னு போடும்மா. கேக்குறதைத் தாராளமா கேப்போம்."