கிணற்றுத் தண்ணீர் சிவந்த வருஷம்

என் பெரியப்பா யாரையும் லேசில் நம்பமாட்டார். கோனார் பால் கறக்க உட்காருமுன் செம்பைக் கவிழ்த்துக் காட்டவேண்டும். செக்கிலிருந்து வரும் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து மோந்துபார்த்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவார். ஊரில் அவரை ஏய்த்தவன் எவனும் இல்லை என்பதில் எங்கள் வீட்டாருக்கு ஒரு மிதப்பு உண்டு. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

அந்த வருஷம் தாமிரபரணிக்கரையில் எங்களுக்கு மேற்கே உள்ள ஊர்களில் வாந்திபேதி கண்டிருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து சுகாதார அதிகாரி ஒருவர் வந்து தெருத்தெருவாகக் கிணறுகளில் மருந்து போட்டார். எங்கள் புறவாசல் கிணற்றுக்கும் வந்தார். கறுத்த உப்பு மாதிரி ஒன்றை வாளித் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் கிணறு முழுக்க நாவல்பழச் சாறாகிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். பெரியப்பா முகம் மட்டும் கறுத்தது.

"நிறம் போனதும் இதையே குடிக்கலாம் அண்ணாச்சி. ஆத்துத் தண்ணி மட்டும் வேண்டாம். மேல ஊர்கள்ல சீக்காளி துணியை அதுலதான் அலசுதாவ" என்றார் அதிகாரி.

"பொதிகையில பொறந்து வார தண்ணி ஆகாது, உம்ம டப்பாவுல உள்ளது ஆகுமோ? நல்லா இருக்கு வே உம்ம ஞாயம்!"

அதிகாரி வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் என்பது ஒரு சந்தேகம். மருந்துக்குக் காசு வாங்காதது அதைவிடப் பெரிய சந்தேகம். சும்மா கொடுப்பவன் எதையோ எடுக்கத்தான் வருவான் என்பது பெரியப்பாவின் கணக்கு. மறுநாள் காலையில் அதற்குச் சாட்சியும் கிடைத்தது. புழு பூச்சியைத் தின்னட்டும் என்று அவரே கிணற்றில் விட்டிருந்த மீன்கள் வயிறு வெளுக்க மிதந்தன. "பாத்தியளா? மீனைக் கொன்னது மனுசனை விடுமா?" என்று தெருவையே கூட்டிக் காட்டினார். கிணற்றுக்குப் பலகை போட்டு மூடினார். அன்று முதல் சமையலுக்கும் குடிக்கவும் ஆற்றுத் தண்ணீர்தான்.

சித்தி மட்டும் அதைக் கொதிக்கவைத்தே எங்களுக்குத் தந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவள். புருஷனுக்கு மூத்தவர் முன்னால் நின்று அவள் பேசக்கூடாது. அதனால் கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வாள். நான்தான் அவள் வாய்.

"ஆத்துல நின்னு குடிக்க வேண்டாம், வீட்டுல வந்து காச்சின தண்ணி குடிக்கச் சொல்லுட்டி."

நான் போய்ச் சொன்னேன். "தண்ணியக் காச்சி என்னத்தக் கலக்குதாளோ!" என்றார் பெரியப்பா. விடிந்ததும் ஆற்றில் முங்கி, ஈரவேட்டியோடு நின்று இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு வருவதுதான் அவர் வழக்கம். பாலையும் எண்ணெயையும் அவ்வளவு மோந்துபார்த்தவர், ஆற்றுத் தண்ணீரை ஒருநாளும் மோந்துபார்த்ததில்லை.

வாந்திபேதி எங்கள் வீட்டில் அவரைத்தான் பிடித்தது. காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் கண் குழிந்து, குரல் கம்மி, ஆள் அடையாளமே தெரியாமல் போய்விட்டார். தண்ணீர், தண்ணீர் என்று முனகினார். அருகில் போகப் பெரியம்மாவே தயங்கினாள். சித்தி யாரையும் கேட்கவில்லை. பலகையைத் தள்ளி, நிறம் தெளிந்திருந்த கிணற்றில் இறைத்து, அரிசி போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றி, உப்புப் போட்டுக் கஞ்சித்தண்ணீராக எடுத்து வந்தாள். அன்றுதான் முதல்முறையாக அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

டம்ளர் உதட்டில் படும்போது பெரியப்பா கண்ணைத் திறந்தார்.

"எந்தத் தண்ணி?"

சித்தி அப்போதும் என்னைப் பார்த்தே சொன்னாள்: "கெணத்துத் தண்ணிதான். நல்லாக் காச்சியிருக்கு. பைய ஒரு வாய் குடிக்கச் சொல்லு தாயி."

ஆற்றுத் தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் வரவில்லை.

பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். சித்தி மறுபடியும் மறுபடியும் டம்ளரை நீட்டினாள். வாய் திறக்கவே இல்லை. பொழுது சாயுமுன் எல்லாம் முடிந்தது.

எல்லாரும் பெரியப்பாவைச் சுற்றி அழுதார்கள். சித்தி மட்டும் அடுக்களையில் அந்தக் கஞ்சித்தண்ணீரின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். ஏன் அங்கே போய் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுகைக்குள்ளே ஒரு பெருமையும் இருந்தது: பெரியப்பாவைக் கடைசிவரை யாராலும் ஏமாற்ற முடியவில்லை.