ரத்தோட்டையில் ஒரு கை கராம்பு

ரிவர்ஸ்டன் போகும் பஸ் ரத்தோட்டையில் டயர் வெடித்து நிற்கிறது. மழைக்கு ஒதுங்கக் கோயில் மண்டபத்துக்குள் நுழைகிறேன். பதினொரு பேர் வட்டமாக உட்கார்ந்து, கோயில் தோட்டத்துப் பச்சைக் கராம்பைக் காம்பிலிருந்து கிள்ளுகிறார்கள். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும், வீட்டில் இழவு கண்டவர்கள் இங்கே கூடிப் பேசுவார்களாம். ஆஸ்பத்திரியிலிருந்து ஆறுதல் சொல்ல வரும் உளவளத்துணை மிஸ்ஸும் கிள்ளுகிறார்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்வராணி என் மடியில் ஒரு கை கராம்பு போடுகிறார்.

"சும்மா உக்காரக் கூடாதுங்க ஐயா. யாரைப் பறிகொடுத்தீங்க?"

மனைவி போய் ஏழு மாதம். அவளைப் பற்றி ஒருவரிடமும் பேச முடிந்ததில்லை. "மனைவியை," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கராம்பைக் கிள்ளுகிறேன்.

"அழுகை வரலன்னா திட்டுங்க," என்கிறார் செல்வராணி. "நான் எங்க வீட்டுக்காரரை மூணு வெள்ளிக்கிழமை திட்டினேன்."

"டொக்டர் கண்டுபிடிச்ச சீனி வருத்தம் அவளுக்கு," என்கிறேன். "சீனியில்லாத தேத்தண்ணி எனக்கு. பதினாறு வருஷம்!"

மண்டபமே சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன், மூக்குக் கண்ணாடி நனைகிறது.

"அப்புறம்?" என்கிறார் மிஸ்.

மடியில் கராம்பு தீர்ந்துவிட்டது. அவள்மேல் சொல்லக் குறைகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

"இன்னொரு கை போடுங்கம்மா."