அம்மாவின் "ஆமாங்க"

எங்கம்மாவுக்கு 'இல்லை'ன்னு சொல்ல வராது. பெரியவங்க, படிச்சவங்க யாரு என்ன கேட்டாலும் "ஆமாங்க"தான். எதுத்துச் சொன்னா மரியாதைக் குறைச்சலாம். அந்த மரியாதைதான் என் தங்கச்சிக்கு இல்லாத வலிப்பைக் கொண்டாந்து சேர்த்துச்சு.

தொண்ணூறுகள் அது. வெள்ளகோவில்ல எங்க ஊட்டை ஒட்டி நாலு தறி ஓடுச்சு. நான் காலேஜ் முடிச்சுட்டு சும்மா இருந்தேன். தங்கச்சி ஒம்பதாவது. அவ சோத்துல கை வெச்சபடியே தூங்குவா. அத்தனை தறிச் சத்தத்துலயும் நின்னுட்டே கண்ணை மூடுவா. அது கூடப் பரவாயில்ல. நல்லாச் சிரிச்சான்னா முழங்கால் மடங்கித் தொப்புனு உழுவா. ஒரு நிமிசத்துல எந்திரிச்சு, "ஒண்ணுமில்லக்கா"ம்பா.

உள்ளூர் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம்.

"கண்ணு மேல சொருகுதாம்மா?"

"ஆமாங்க."

"நுரை தள்ளுதா?"

"தள்ளுமுங்க."

எப்பத் தள்ளுச்சு? நானும் பக்கத்துலதான் நின்னேன், வாயைத் தொறக்கல. அந்தக் கோவம் எனக்கு என் மேலயே இன்னும் இருக்குது. வலிப்பு மாத்திரை குடுத்தாங்க. அதைத் தின்னுபோட்டு இன்னும் அதிகமாத் தூங்குனா.

"பத்தாவதெல்லாம் வேண்டாம்"னுட்டாரு அப்பா. "வலிப்புக்காரப் புள்ளை பள்ளிக்கூடத்துல உழுகறதை ஊரே பாக்கோணுமா? நாளைக்கு எவன் கட்டுவான்?"

கணக்குல நூத்துக்கு நூறு வாங்கற புள்ளை அவ. அழல. சிரிக்கறதை நிறுத்திப்போட்டா. சிரிச்சாத்தானே உழறோம், உழுந்தாத்தானே பள்ளிக்கூடத்தை நிறுத்துவாங்கன்னு அவளா ஒரு கணக்குப் போட்டிருக்கா. பதினாலு வயசுப் புள்ளை மாசக்கணக்குல பல்லைக் கடிச்சுட்டு இருந்திருக்கா. அது தெரியாம 'உம்மணாமூஞ்சி'ன்னு நானே கேலி பண்ணியிருக்கேன், பாவி.

முழுப்பரீச்சை லீவு முடியறதுக்கு முந்தி, கடைசியா ஒருக்காப் பாத்துரலாம்னு அப்பாகிட்டக் கெஞ்சி, கோயமுத்தூர்ல ஒரு நரம்பு டாக்டரம்மாகிட்ட அம்மா, நான், அவ மூணு பேரும் பஸ் ஏறிப் போனோம். அங்கயும் ஆரம்பிச்சுது.

"உழறப்ப நாக்கைக் கடிச்சுக்குதா?"

"ஆமாங்க."

"கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குதா?"

"இழுக்குமுங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வெச்சுட்டு அம்மாவையே பாத்தாங்க. மொகத்துல ஒரு மாத்தமும் இல்லாம அதே கொரல்ல கேட்டாங்க: "காது ஆடுமா?"

"லேசா ஆடுமுங்க."

தங்கச்சி களுக்குனு சிரிச்சுட்டா. சிரிச்ச வேகத்துல தாடை தொங்கி, தலை சாஞ்சு, ஸ்டூல்ல இருந்து சரிஞ்சா. எனக்கு உசுரே போச்சு. டாக்டரம்மா ஓடியாந்து தாங்கி, கீழ படுக்க வெச்சு, சேலை கசங்கறதைப் பாக்காம தரையிலயே உக்காந்து, சின்னச் சுத்தியலால அவ முழங்காலைத் தட்டுனாங்க. கால் துளிகூட அசையல. அப்பறம் காதுகிட்டக் குனிஞ்சு, "பொடலங்காய்"னாங்க. இந்தம்மாளுக்கென்ன கிறுக்கான்னு நெனச்சேன்.

அவ எந்திரிச்சு உக்காந்தா.

"நான் என்ன சொன்னேன் கண்ணு?"

"பொடலங்காய்னீங்க."

"எப்பவுமே இப்படிக் கேக்குமா?"

"எல்லாமே கேக்குமுங்க. உடம்புதான் வராது. இதுவரைக்கும் யாருமே என்னைக் கேக்கலீங்க."

டாக்டரம்மா நாற்காலியை அவ பக்கமாத் திருப்பிப் போட்டுட்டாங்க. அதுக்கப்பறம் எல்லாக் கேள்வியும் அவளுக்குத்தான். எந்திரிக்கறப்ப உடம்பு மரத்தாப்பல கெடக்குமா, யாரோ நிக்கறாப்பலத் தெரியுமா, கிளாஸ்ல எந்தப் பீரியடுல தூக்கம் வருது? அவ பேசுனா பாருங்க, எனக்கே புதுசு. கடைசியில சொன்னாங்க: "இது வலிப்பாத் தெரியலீங்க, தூக்க நோய். சிரிச்சா உடம்பு தொவண்டுரும், நெனவு தப்பாது. வயர் மாட்டித் தூங்க வெச்சுப் பாக்கற டெஸ்ட் இங்க இல்ல. ரெண்டு வாரம் தூங்கறது, எந்திரிக்கறது, உழறது அத்தனையும் நோட்டுல எழுதுங்க. இவளே எழுதட்டும்." வலிப்பு மாத்திரையைக் கொஞ்சங் கொஞ்சமாக் கொறைக்கச் சொல்லி, மத்தியானம் இருவது நிமிசம் தூங்க விடோணும்னு பள்ளிக்கூடத்துக்கு லெட்டரும் குடுத்தாங்க. கையெடுத்துக் கும்பிடலாம் அந்தம்மாளை.

ஊட்டுக்கு வந்ததும் அப்பா தறி ஓட்டிட்டே கேட்டாரு. "வலிப்புதானே? பள்ளிக்கூடம் வேண்டாம், சரிதானே?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அம்மா சொல்லுச்சு, "இல்லீங்க."

சத்தத்துல தப்பாக் கேட்டுட்டோம்னு நெனச்சு அப்பா தறியை நிறுத்திப்போட்டு வந்தாரு. "என்ன?"

"இல்லீங்க. அவளுக்கு வலிப்பு இல்லீங்க. அவ பத்தாவது போவாளுங்க."

மரியாதையில ஒரு எழுத்துக் கொறையல. தங்கச்சி ஒரு கையால செவுத்தைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. அப்பறம் சிரிச்சா.