ஊமை இன்ஸ்டாலர்

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு அது கம்ப்யூட்டர். இல்லையென்றால் வெறும் டப்பா. அண்ணாமலை நகர் வீட்டில் இப்போது நானும் அந்த டப்பாவும்தான். என் மனைவி எனக்காகப் படித்துப் பதிவு செய்த பாடங்கள் அதற்குள் இருக்கின்றன. அவள் இறந்துபோன பிறகு அவள் குரல் மிச்சமிருப்பது அங்கே மட்டும்தான்.

கடலூரில் இருக்கும் அவள் தம்பிக்கு, யாரும் பிரித்துப் பார்க்கக்கூடிய கட்டற்ற மென்பொருள் என்றால் உயிர். கம்பெனிக்காரன் பூட்டி வைத்த எதுவும் கலக்காத சுத்தமான சிஸ்டம் என்று ஒரு பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனான்.

"சிஸ்டத்த ஏத்தற இன்ஸ்டாலரே பேசும் மாமா. பழசு அழியாம பக்கத்துலயே போட்டுக்கலாம். ஆளே வேணாம்."

ஆளே வேண்டாம் என்றது எனக்குத் தேனாக இனித்தது. மறுநாள் மதியம் நானே உட்கார்ந்தேன். பென் டிரைவைச் செருகி, பேசுவதற்கான பொத்தானை அழுத்தினேன். சத்தமில்லை. தூங்குகிறதோ என்று என்டரைத் தட்டினேன். மறுபடி தட்டினேன். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று திட்டிக்கொண்டே இன்னும் தட்டினேன். உள்ளே டிஸ்க் மட்டும் கரகரத்தது. அந்தச் சத்தம் சரியாகப் படவில்லை.

வீடியோ காலில் மச்சானைப் பிடித்து, போனைத் திரைக்கு நேராகக் காட்டினேன். அவன் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் இருந்தான். கண்டக்டர்களின் கூச்சல் கேட்டது.

"மாமா, மொதல்ல கைய எடுங்க."

"ஏன் மச்சான்?"

"டிஸ்க்குல இருக்கறதெல்லாம் அழியும், சரியான்னு கேட்டுக்கினு நிக்கிது. இன்னும் ஒரு தட்டு தட்டியிருந்தீங்கன்னா அக்கா போயிருக்கும்."

என் கம்ப்யூட்டரின் சவுண்ட் சிப் வாய் திறக்க, அதைச் செய்த கம்பெனி எழுதிய ஃபர்ம்வேர் என்ற குட்டி மென்பொருள் வேண்டுமாம். அது பூட்டிய சரக்கு என்பதால் இவன் கொடுத்த இன்ஸ்டாலரில் சேர்க்கவில்லை. உன் சுத்தத்தில் இடி விழ என்று கத்தினேன். கொள்கை உனக்கு, குருட்டடி எனக்கா? அவன் அழுதான்.

அடுத்த வாரம் ஃபர்ம்வேரையும் சேர்த்தே தரும் வேறொரு இன்ஸ்டாலரோடு வந்தான். எடுத்த எடுப்பிலேயே பேசியது. கேள்விகளைக் கேட்டுக் கேட்டு நானே போட்டு முடித்தேன். முதலிலேயே சேர்த்துக் கொடுங்கள், வேண்டாதவன் எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் இன்றைக்கும் கட்டற்ற மென்பொருள்காரர்களோடு சண்டை போடுவேன்.

கிளம்பும்போது அவன் சொன்னான்: "மைக்கையும் அந்த ஃபர்ம்வேர்தான் ஓட்டுது மாமா. உள்ள என்ன எழுதியிருக்குன்னு கண்ணு தெரிஞ்ச எங்களாலயும் பாக்க முடியாது. நீங்க பேசறத எங்கயாச்சும் அனுப்பினாலும் தெரியாது."

சாயங்காலங்களில் அவள் பாடம் படிக்கக் கேட்கிறேன். நடுநடுவே அவளுக்குப் பதில் சொல்வது என் வழக்கம். இப்போது சொல்வதில்லை.