தெய்வம்மா மென்ற சோறு

தெய்வம்மா என்ற பெயரை நான் முதலில் கேட்டது எழுபத்து மூன்றில். சிலோனிலிருந்து திரும்பியவர்கள் தங்கும் மண்டபம் முகாமிலிருந்து வந்த கடிதத்தை மேஸ்திரி எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று படித்தார். அவள் என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகள், எனக்கு நாத்தனார் முறை. கண்டிப் பக்கம் பிறந்தவள். புருஷன் செல்லையாவும் மகள் அன்னக்கிளியுமாகக் கப்பலில் வந்திறங்கி, அடுத்த மாதமே கீழ் கோத்தகிரியில் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்துவிட்டார்கள்.

செல்லையா அண்ணனுக்குக் கன்னத்தில் எந்நேரமும் புகையிலை. வந்த ஒன்பதாம் வருஷம் அந்தக் கன்னத்திலேயே புற்று வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கதிர் பாய்ச்சும் கரண்டு வைத்தார்கள். புண் ஆறியது, ஆனால் வாயில் எச்சில் ஊறுவது நின்றுபோனது. சோறு மணலாக ஒட்டிக்கொள்ளும். கஞ்சியைக் கண்டாலே முகம் திருப்புவார்.

"எச்சில் பட்டதுமே சோறு செரிக்க ஆரம்பிச்சிருதுங்கம்மா. வெறும் சோத்த ரொம்ப நேரம் மென்னு பாருங்க, இனிக்கும். இவருக்கு அது இல்லீங்க, கொழையக் குடுங்க" என்றாள் அங்கிருந்த நர்ஸ்.

வீட்டுக்கு வந்து தெய்வம்மா மென்று பார்த்தாள். இனித்தது. தன் வாயில் ஊறுவதை அவருக்குக் கொடுத்தால் போதும் என்று முடிவு கட்டிவிட்டாள். அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மென்று, கிண்ணத்தில் எடுத்து, ரசம் விட்டுக் கலக்கிக் கொடுத்தாள். எனக்கு மட்டும் தெரியும். நான் தடுக்கவில்லை. நாலு நாள் கிண்ணத்தை வழித்துத் தின்றார்.

ஐந்தாம் நாள் தண்ணீர் மொள்ள உள்ளே வந்தவர் பார்த்துவிட்டார்.

"சீ! பொம்பள மென்னு துப்புனதையா நான் திண்டேன்?"

"நாப்பது வருஷமா நான் ஒங்க எச்சித் தட்டுலதானே திண்டேன். எனக்கு என்னா கொறஞ்சிச்சு?"

"அது வேற."

அதற்கப்புறம் அவள் கையால் எதுவும் வாங்கவில்லை. அன்னக்கிளி கிண்ணத்தை நீட்டினாலும் முகர்ந்து பார்த்துத் தள்ளிவிடுவார். "கண்ணு முன்னாலதான் கரைச்சேன், ஒரு வாய் குடிங்கண்ணே" என்று நான் கெஞ்சினேன்.

"ஏம்மா, நீயும் மென்னியா?" என்று சிரித்தார். பச்சைத்தண்ணீர் மட்டும் குடித்தார். தெய்வம்மா வாசற்படியில் உட்கார்ந்து, "இனிமே செய்ய மாட்டேன், செய்ய மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் காதில் அது ஏறவில்லை. பதினெட்டாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

தெய்வம்மா இப்போது அருவங்காட்டில் அன்னக்கிளி வீட்டில் இருக்கிறாள்.